ஒரு கைப்பிடி உப்பு: பசுமைப் பொருளாதாரத்தை நொய்யலில் இருந்து புரிந்துகொள்வது

பசுமைப் பொருளாதாரம் என்றதும் மரக்கன்று நடும் விழாவும், மாடியில் பொருத்திய சோலார் தகடும், கையில் துணிப்பையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் அதில் இடம் உண்டு என்றாலும், அந்தக் கருத்தின் வேர் ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவில் எவையெல்லாம் அதன் விலைக்குள் வருகின்றன, எவையெல்லாம் விலைக்குள் வராமல் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழுகின்றன என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அப்படி விடுபட்டுப்போன செலவைக் கணக்குக்குள் கொண்டுவந்த பிறகும் லாபம் தருகிற தொழில், பிழைப்புத் தருகிற ஊர், கெடாத மண்ணும் நீரும் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெற முடியுமா என்று தேடுவதே பசுமைப் பொருளாதாரம்.

இந்தச் சொல் 1989-ல் பிரிட்டன் அரசுக்காகப் பொருளியலாளர்கள் மூவர் எழுதிய ஓர் அறிக்கையின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. 2008-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு இதைத் தனி முன்முயற்சியாக எடுத்துக்கொண்டது. 2012-ல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக மாநாட்டின் முக்கியப் பேசுபொருளாகவும் இது இருந்தது. அந்த ஐ.நா. அமைப்பு தரும் வரையறையைச் சுருக்கிச் சொன்னால், மக்களின் நல்வாழ்வும் சமூக நீதியும் உயர வேண்டும், அதே சமயம் சூழலுக்கு நேரும் ஆபத்தும் இயற்கை வளங்களின் பற்றாக்குறையும் குறைய வேண்டும். இந்த வரையறையில் சமூக நீதி என்ற சொல் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பசுமை பேசும் திட்டங்களில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் அதுதான்.

வரையறையோடு நின்றால் எதுவும் புரியாது. ஆகவே திருப்பூருக்குப் போவோம்.

சாயத்தொட்டியில் தொடங்கும் கணக்கு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நூலைத் துணியாகப் பின்னி, வெளுத்து, சாயமேற்றி, வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடைப்பது வரையிலான வேலைகள் ஒரே வட்டாரத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் நடக்கின்றன. இந்தச் சங்கிலியில் நம் விஷயத்துக்கு முக்கியமான கண்ணி சாயப்பட்டறை.

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் சாயமும் தண்ணீரில் கரைந்தால் எதிர்மின்னூட்டம் கொண்டதாகவே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால், சாயம் துணியை அண்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்காகத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். கறுப்பு, கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 60 முதல் 80 கிராம் வரை உப்பு தேவைப்படும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ அரை கிலோ உப்பு ஆகிறது. ஒரு கிலோ துணியில் ஐந்தாறு டி-ஷர்ட் வரும் என்பதால், நாம் அணியும் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டின் பின்னால் ஒரு கைப்பிடி உப்பு இருக்கிறது.

சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்கிறது. உப்போ துணியோடு போவதே இல்லை. தன் வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு அப்படியே கழிவுநீரில் வெளியேறுகிறது. கழிவுநீரின் நிறத்தை நீக்குவது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. 1990-களின் இறுதியில் திருப்பூரில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து நிறத்தைப் படியவைத்தே எடுத்துவிட்டன. ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்கும் படியாது, அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரும் கிடையாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த அந்தத் தண்ணீர்தான் ஆற்றுக்குள் போனது. சிவப்பும் நீலமுமாக ஆறு ஓடிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்து நாம் அதிர்ந்தோம், ஆனால் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு படத்தில் தெரியாத உப்புக்கே உரியது என்பது என் கருத்து.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரிதாக நீரோட்டம் இல்லாத ஆறு. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம், ஈரோடு, கரூர் பகுதிகளின் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பனியன் ஏற்றுமதியும் வேகம் பிடித்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த அணை பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாக மாறிவிட்டது. தேங்கிய நீர் நிலத்தடியிலும் இறங்கியதால் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் பயிரின் வேரால் அதை உறிஞ்ச முடியாது. களிமண்ணில் சோடியம் ஏற ஏற அது இறுகி, பெய்கிற மழையையும் உள்ளே விடாது. அணை வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை 28,000-ஐத் தாண்டும் என்று இழப்பீட்டுக்கான ஆணையம் கணக்கிட்டது.

இப்போது கணக்குப் புத்தகத்துக்குத் திரும்புவோம். சாயப்பட்டறைக்காரர் நூல், சாயம், உப்பு, விறகு, கூலி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தார். கெட்டுப்போன கிணற்றுக்கு மட்டும் அவர் கொடுக்கவில்லை. அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தச் செலவை அவர் மட்டும் தானாக ஏற்றிருந்தால் அடுத்த தெருக்காரர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து ஆர்டரைப் பிடித்திருப்பார். வெளிநாட்டில் டி-ஷர்ட் மலிவாக விற்றதன் ஒரு பகுதிக் காரணம், அதன் விலையில் ஒரு பங்கை ஒரத்துப்பாளையத்து விவசாயி தன் கிணற்றால் கட்டிக்கொண்டிருந்ததுதான். ஒருவரது தொழிலின் விளைவு, அந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கே இல்லாத மூன்றாமவர் மீது செலவாக விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பிகூ 1920-லேயே இதை விளக்கி, அந்தச் செலவுக்கு ஈடான வரியை விதித்து அதை விலைக்குள் கொண்டுவரலாம் என்று எழுதினார்.

வழக்கமான உற்பத்திக் கணக்கு இந்த இழப்பைக் காட்டாததோடு, சில சமயம் அதை வளர்ச்சியாகவே காட்டிவிடுகிறது. கிணறு கெட்டுப்போய் விவசாயி புதிதாக ஆழ்குழாய்க் கிணறு தோண்டினால் அந்தச் செலவு மொத்த உற்பத்தி மதிப்பில் சேரும். லாரித் தண்ணீர் வாங்கினாலும் சேரும். கிணறு கெட்டது மட்டும் எந்தப் பத்தியிலும் கழியாது. இந்தக் குறையைச் சரிசெய்யவே ஐ.நா. 2012-ல் சூழல் சார்ந்த கணக்கு முறையை ஒரு சர்வதேசத் தரமாக ஏற்றது. இந்தியாவிலும் பொருளியலாளர் பார்த்த தாஸ்குப்தா தலைமையிலான குழு, நாட்டின் கணக்கில் இயற்கைச் செல்வத்தின் தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும் என்று 2013-ல் அறிக்கை தந்தது.

செலவு யார் தலையில்

மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதிசெய்தது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்: பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கு. நொய்யலில் பாசன விவசாயிகளின் சங்கம் தொடர்ந்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் விதித்தது. பட்டறைகள் வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு இத்தனை காசு என்று அபராதமும் விதித்தது. பிகூவின் வரிக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு நீதிமன்ற உத்தரவைக் காண்பது அரிது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன.

அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாட்டைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. துணியைச் சாயமேற்ற வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, ஆர்டர்கள் தாமதமாயின, வெளி மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புதிய முறைக்கு மாற மாற, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஊரில் எல்லோரும் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லும் அந்தப் புதிய முறையின் நடைமுறை இப்படி இருக்கிறது. பட்டறைகளிலிருந்து குழாய் வழியே வரும் கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளை முதலில் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. பிறகு நிறம் நீக்கி, வடிகட்டி, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவியின் பெரிய அண்ணன் போன்ற சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். பெரும்பகுதி நீர் நல்ல நீராகப் பிரிந்து மீண்டும் பட்டறைக்கே போகிறது. மிச்சமிருக்கும் அடர்ந்த உப்புநீரில் ஒரு பங்கை அப்படியே அடுத்த சாயத்தொட்டிக்குப் பயன்படுத்தலாம். மற்றதை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பைப் படிகமாகப் பிரித்து, அதையும் திரும்பச் சாயமேற்றவே அனுப்புகிறார்கள். முன்பு ஆற்றில் போன கைப்பிடி உப்பு இப்போது மூட்டையில் கட்டப்பட்டு அதே தொட்டிக்குத் திரும்புகிறது. கழிவு என்று வெளியே தள்ளிய ஒன்று மூலப்பொருளாக உள்ளே வருவதைத்தான் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். பசுமைப் பொருளாதாரத்தின் முக்கியமான கிளை அது.

இதற்கு விலையும் உண்டு. சவ்வுகளில் நீரை அழுத்த மின்சாரமும், உப்புநீரைக் காய்ச்ச நீராவியும் நிறையத் தேவை. கொதிகலனில் விறகு எரிகிறது. ஆற்றைக் காப்பாற்றக் கரியை வானத்துக்கு அனுப்புகிறோமா என்ற கேள்வி நியாயமானதே. தவிர, எல்லா உப்பும் தூய்மையாகப் பிரிவதில்லை. பலவகை உப்புகள் கலந்து எதற்கும் உதவாத ஒரு மிச்சம் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிகிறது. அதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டுப்பாடு ஓர் ஊரில் மட்டும் இறுகி மற்ற ஊர்களில் தளர்ந்திருந்தால், செலவு குறைந்த இடத்துக்குச் சாயவேலை நகரும். மாசு ஒழியாது, முகவரி மட்டும் மாறும். நாடு முழுவதும் ஜவுளித்துறைக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. 2016-ல் வந்த இறுதி விதிகளில் அந்தக் கட்டாயம் தளர்ந்து, முடிவு பெரும்பாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. எங்களுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா என்று திருப்பூர்க்காரர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வட்டாரம் என்பதை எங்கே வரைவது

வட்டார வளர்ச்சியை நாம் பெரும்பாலும் மாவட்டவாரியாக அளக்கிறோம். கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானது. மாவட்டப் பட்டியலை வைத்துப் பார்த்தால் ஏற்றுமதி வருமானம் ஒரு வரியிலும் விவசாயச் சரிவு வேறு வரிகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருப்பதே தெரியாது. வெள்ளியங்கிரியிலிருந்து காவிரிக் கூடல் வரை நொய்யல் படுகையை ஒரே வட்டாரமாக எடுத்துக்கொண்டால்தான், மேலே சம்பாதித்ததில் எவ்வளவு கீழே இழந்ததைக் கொண்டு சம்பாதித்தது என்பது புலப்படும். சாயக்கழிவு குறைந்த பிறகும் கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நீர் நொய்யலில்தான் கலக்கிறது என்பதும் அந்த வரைபடத்தில் மறைக்க முடியாததாகிவிடும். ஒரு வட்டாரத்தின் எதிர்காலத்தைத் திட்டமிடுவதில் பசுமைப் பொருளாதாரம் சேர்க்கும் முதல் மாற்றம், எல்லையை நிர்வாக வசதிக்காக வரையாமல், நீரும் காற்றும் கழிவும் போகும் வழியைப் பார்த்து வரைவதுதான்.

இரண்டாவது மாற்றம், வட்டாரத்தில் ஏற்கெனவே கிடப்பதைப் பார்ப்பது. துணியை அச்சு வைத்து வெட்டும்போது விழும் துண்டுகளைத் திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் என்பார்கள். மூட்டைகளில் குடோனுக்கு வரும் அவற்றைத் தரையில் கொட்டி, சிவப்பு தனி, கறுப்பு தனி, வெள்ளை தனி என்று பெண்கள் கையால் பிரிக்கிறார்கள். பிரித்த துண்டுகளை இயந்திரம் கிழித்து மறுபடி பஞ்சாக்கும்; பல்லடம், வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் அதை நூலாக்கும். கறுப்புத் துண்டிலிருந்து வரும் நூல் ஏற்கெனவே கறுப்பாகவே இருப்பதால் அதற்குச் சாயத்தொட்டியே வேண்டாம். கைப்பிடி உப்பும் வேண்டாம், அதைத் திரும்ப எடுக்கும் ஆவியாக்கியும் வேண்டாம். மறுசுழற்சி என்று நாம் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, பணம் வருகிறது என்பதற்காக இது நடந்துகொண்டிருந்தது.

காற்றாலையின் கதையும் இதைப் போன்றதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்து மானாவாரி நிலங்களில் அம்மியைப் பறக்க வைக்காவிட்டாலும் காற்றாடியைச் சுற்ற வைக்கிறது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை அமைந்தது. அதற்குப் பிறகு நூல் மில் முதலாளிகளும் பனியன் ஏற்றுமதியாளர்களும் தங்கள் தேவைக்கே காற்றாலை நிறுவினார்கள். பூமியைக் காப்பாற்றும் ஆசையில் அவர்கள் இறங்கியதாக நான் நினைக்கவில்லை. மின்வெட்டும் மின்கட்டணமும் காற்றாலை முதலீட்டுக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகையும்தான் அவர்களைத் தள்ளின. அதில் தவறும் இல்லை. விலையும் வரியும் சரியான பக்கம் சாய்ந்தால் நல்லெண்ணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எனினும் காற்றடிக்கும் நிலத்தை விற்றவருக்குக் கிடைத்தது ஒரு முறைப் பணம். காற்றாடியோ இருபது இருபத்தைந்து ஆண்டுகள் சுற்றிச் சம்பாதிக்கிறது. பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுவுவதற்கான கொள்கையை மாநில அரசு 2024-ல் வெளியிட்டிருக்கிறது. அப்படி மாற்றும்போது நிலத்தை விற்கச் சொல்லாமல் ஆண்டு வாடகையோ வருமானத்தில் பங்கோ தரும் ஏற்பாடு வந்தால், அந்தக் காற்றில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டாகும்.

வரையறையில் சமூக நீதி என்ற சொல்லைக் கவனிக்கச் சொன்னேன் அல்லவா? குடோனில் துண்டு பிரிக்கும் பெண்ணின் வேலை எந்த அளவுகோலிலும் பசுமை வேலைதான். ஆனால் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு, நாள் முழுதும் தரையில் குந்தியிருந்து செய்கிற அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி மிகச் சொற்பம். மேற்கு மாவட்ட நூல் மில்களில் இளம்பெண்களை விடுதியில் அடைத்து, சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தின் கசப்பான வரலாறும் இதே வட்டாரத்தில் நடந்ததுதான். கழிவைச் சுத்திகரித்த அதே அக்கறையோடு கூலியையும் பணியிடத்தையும் கணக்கில் சேர்க்காத ஒரு பொருளாதாரத்தைப் பாதிப் பசுமை என்றுகூடச் சொல்லத் தயங்குகிறேன்.

வெளியிலிருந்தும் அழுத்தம் வருகிறது. சூழலுக்கு இசைந்த பொருட்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஜவுளி அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு சட்டை எந்த இழையால் ஆனது, எப்படித் தயாரானது என்பன போன்ற விவரங்களை அதனோடு இணைந்த மின்னணு ஆவணத்தில் காட்ட வேண்டிய நாள் தூரத்தில் இல்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு லிட்டர் கழிவையும் மீட்டர் வைத்து அளந்துவரும் வட்டாரத்துக்கு அந்த ஆவணத்தை நிரப்புவது அவ்வளவு சிரமமாக இராது. சுமையாகத் தோன்றிய செலவு ஏற்றுமதிச் சந்தையில் திருப்பூருக்கு ஒரு தகுதியாக மாறக்கூடும், ஆனால் அந்தச் செலவின் ஒரு பங்கைத் தாங்கும் விலையை வாங்குபவர்களும் தர வேண்டும். சான்றிதழை மட்டும் கேட்டுவிட்டு விலையைப் பழையபடியே வைத்துக்கொண்டால், சிறு பட்டறைகள்தான் முதலில் மூடும்.

திருப்பூரை ஒட்டியுள்ள நஞ்சராயன் குளம் 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதைத் திருப்பூர் பெருமையோடு கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்த வட்டாரம் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று அளக்க நான் வேறோர் இடத்தைத்தான் பார்ப்பேன். தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று ஒரத்துப்பாளையத்து விவசாயிகள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏதோ ஒரு மழைக்காலத்தில் அதே ஊர்க்காரர்கள் நீர்வளத்துறை அலுவலகத்துக்கு நடந்து, இந்த ஆண்டு மதகை மூடித் தண்ணீரைத் தேக்கிக் கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.